குடிநீர், துப்புரவு, உடல்நலம்: எதை எண்ணுவது, எதை இலக்காக வைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

பாதுகாப்பான குடிநீருக்கும் துப்புரவுக்கும் இலக்கு நிர்ணயிப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதியுள்ளேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். கடிதம் எழுதியவர்களில் உள்ளாட்சி உறுப்பினர்கள், பொறியாளர்கள், செவிலியர்கள், மாணவர்கள் எனப் பல தரப்பினரும் இருப்பதால் சில பதில்கள் நீண்டும் சில சுருங்கியும் அமைந்துள்ளன.

கேள்வி: நோக்கம், இலக்கு, குறிகாட்டி ஆகிய மூன்றும் அரசு ஆவணங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வருகின்றன. இவற்றுக்குள் உண்மையில் வேறுபாடு உண்டா? (பொது நிர்வாகம் பயிலும் மாணவி)

பதில்: உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் எதையும் சரிபார்க்க முடியாமல் போகும். அனைவருக்கும் நீரும் துப்புரவும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சி இலக்குகளில் (பெயரில் இலக்கு என்றிருந்தாலும் அவை நோக்கங்களே) இது ஆறாவது. பாதுகாப்பானதும் கட்டுப்படியாகும் செலவில் கிடைப்பதுமான குடிநீர் 2030ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பது அந்த நோக்கத்தின் கீழ் வரும் 6.1 என்னும் இலக்கு. பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்ச் சேவையைப் பயன்படுத்தும் மக்கள் எத்தனை விழுக்காடு என்பது 6.1.1 என்னும் குறிகாட்டி. யாருக்கு, எவ்வளவு, எந்த ஆண்டுக்குள் என்ற மூன்று கேள்விகளுக்கும் இலக்கு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை எந்த அளவையால் சரிபார்ப்பது என்பதைக் குறிகாட்டி சொல்ல வேண்டும்.

பல ஆவணங்களில் ‘தரமான குடிநீர் வழங்கப்படும்’ என்ற வாக்கியமே இலக்கு என்ற தலைப்பின் கீழ் நிற்கிறது. அது வாக்குறுதி. அதில் ஆண்டும் இல்லை, அளவும் இல்லை. நீங்கள் குறிப்பிடாத நான்காவது சொல் ஒன்றும் உண்டு, அது அடிப்படை நிலை. இன்று எங்கே நிற்கிறோம் என்பதை அளக்காமல், பத்து ஆண்டுகள் கழித்து எங்கே நிற்போம் என்று எழுதும் இலக்கை மதிப்பிட எந்த வழியும் கிடையாது. என் அனுபவத்தில், இலக்கு எழுதும் கூட்டங்களில் மிகக் குறைந்த நேரம் செலவிடப்படுவது இந்த நான்காவது சொல்லுக்குத்தான்.

கேள்வி: உலக மக்களில் 91 விழுக்காட்டினர் மேம்பட்ட குடிநீர் ஆதாரத்தைப் பயன்படுத்துவதாக 2015இல் படித்தேன். இப்போதோ 200 கோடிக்கும் அதிகமானோருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை என்கிறார்கள். நிலைமை சீரழிந்துவிட்டதா, கணக்கில் கோளாறா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: இரண்டும் இல்லை ஐயா, அளவுகோல் மாறிவிட்டது. நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கு முன்பிருந்த புத்தாயிரமாண்டு வளர்ச்சி இலக்குகளின் கீழ், பாதுகாப்பான குடிநீர் கிடைக்காதோரின் விகிதத்தை 1990ஆம் ஆண்டு நிலையிலிருந்து 2015க்குள் பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. (துப்புரவு அந்த இலக்கில் முதலில் இடம்பெறவில்லை, 2002இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில்தான் சேர்க்கப்பட்டது. கழிப்பிடம் எப்போதும் இரண்டாம் பந்திக்குத்தான் அழைக்கப்படுகிறது.) குடிநீருக்கான இலக்கு உரிய காலத்துக்கு முன்பே எட்டப்பட்டுவிட்டதாக 2012 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. துப்புரவுக்கான இலக்கு கடைசி வரை எட்டப்படவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் எண்ணப்பட்டது எது என்பதைப் பாருங்கள். உலகெங்கும் வீடுதோறும் நீரைச் சோதிக்க வசதி இல்லாததால், கணக்கெடுப்பாளர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ‘உங்கள் முதன்மையான குடிநீர் ஆதாரம் எது?’ என்று கேட்டார்கள். குழாய், ஆழ்துளைக் கிணறு, மூடப்பட்ட கிணறு, பாதுகாக்கப்பட்ட ஊற்று, மழைநீர் என்று பதில் வந்தால் அது மேம்பட்ட ஆதாரம் என்று பதிவானது. அந்த நீரில் என்ன இருந்தது என்பது கேள்விக்குள் வரவில்லை. இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு வங்கதேசமே சான்று. குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க 1970களிலிருந்து அங்கே பெருமளவில் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. 1993இல் அந்தக் கிணற்று நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருப்பது தெரியவந்தது. நீரின் நிறமும் சுவையும் மாறாததால் குடித்தவர்களுக்கு ஐயம் எழ வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப் பல மடங்கு மிஞ்சிய கிணறுகள் ஏராளம். ஆயினும் ஆதாரத்தின் வகையை மட்டும் பார்க்கும் குறிகாட்டியில் அவை மேம்பட்ட ஆதாரங்களே.

2015க்குப் பின் வந்த குறிகாட்டி கூடுதலாக மூன்று நிபந்தனைகளை வைத்தது. மேம்பட்ட ஆதாரமாக இருப்பதோடு நீர் வீட்டு வளாகத்துக்குள் கிடைக்க வேண்டும், தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமி மாசும் ஆர்சனிக், ஃபுளோரைடு போன்ற முதன்மை வேதிப்பொருள் மாசும் இல்லாதிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இணைந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தின்படி 2022இல் இந்த அளவுகோலை எட்டியவர்கள் 73 விழுக்காட்டினர், எட்டாதவர்கள் 220 கோடிப் பேர்.

இந்த எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. மூன்று நிபந்தனைகளும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டு, அவற்றுள் மிகக் குறைந்த விழுக்காடே இறுதி எண்ணாகக் கொள்ளப்படுகிறது. ஓரிடத்தில் 80 விழுக்காட்டினருக்கு நீர் வளாகத்துக்குள் இருக்கிறது, 75 விழுக்காட்டினருக்குத் தேவையானபோது கிடைக்கிறது, 60 விழுக்காட்டினருக்கு மாசில்லாமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் 60 என்று வரும். ஆனால் மூன்றும் ஒரே வீட்டில் ஒருசேர அமைந்தவர்கள், மிக மோசமான நிலையில், 15 விழுக்காட்டினராகவும் இருக்கக்கூடும். மூன்றும் ஒரே வீட்டில் பொருந்த வேண்டும் என்று கொண்டு 2024இல் வெளியான ஓர் ஆய்வு, குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில் மட்டுமே 440 கோடிப் பேர் பாதுகாப்பான குடிநீர் இல்லாதவர்கள் என்று மதிப்பிட்டது. அளவுகோல் கடுமையானதும் எண் குறைந்தால் அதைத் தோல்வி என்று பத்திரிகைகள் எழுதிவிடுமோ என்று அஞ்சும் நிர்வாகங்கள் உண்டு. பழைய அளவையும் புதிய அளவையும் சில ஆண்டுகளுக்கு ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வெளியிட்டால் அந்த அச்சத்துக்கு இடமிருக்காது.

கேள்வி: எங்கள் சிறிய நீர்வழங்கல் திட்டத்தில் மாதம் ஒன்று வீதம் ஓராண்டில் 12 மாதிரிகளைச் சோதித்தோம். ஒன்றில்கூட ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) இல்லை. ஆண்டறிக்கையில் ‘100 விழுக்காடு பாதுகாப்பானது’ என்று எழுதலாமா? (நீர் பராமரிப்புக் குழுச் செயலாளர்)

பதில்: ‘சோதித்த 12 மாதிரிகளிலும் ஈ.கோலை காணப்படவில்லை’ என்று எழுதுங்கள். அது உண்மை, பெருமைப்படத்தக்கதும்கூட. 5,000 பேருக்குக் குறைவானோருக்கு வழங்கும் குழாய்த் திட்டத்துக்கு ஆண்டுக்கு 12 மாதிரிகள் என்பதுதான் உலக சுகாதார நிறுவன வழிகாட்டியின் குறைந்தபட்ச அளவு. ஆனால் அந்த எண்ணிக்கை தாங்கும் பொருள் இவ்வளவுதான்: உங்கள் நீர் உண்மையில் நூற்றுக்கு 22 முறை மாசுபட்டிருந்தாலும், 12 மாதிரிகளும் தூய்மையாக வந்துவிட இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அறுபது மாதிரிகள் எடுத்து அறுபதும் தூய்மையாக வந்தால்தான் அந்த 22 ஏறத்தாழ 5ஆகக் குறையும். எனவே விழுக்காட்டை மட்டும் எழுதாமல் எத்தனை மாதிரிகள் என்பதையும் பக்கத்திலேயே எழுதும் வழக்கம் வேண்டும்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த மாதிரிகள் எங்கே, எப்போது எடுக்கப்பட்டன என்பது. சுத்திகரிப்பு முடிந்து குளோரின் கலந்த இடத்துக்கு அருகிலுள்ள குழாயில், வறண்ட காலத்தில், நீர் இடைவிடாமல் ஓடும் காலை வேளையில் எடுத்தால் எந்தத் திட்டமும் தேர்ச்சி பெறும். பெருமழைக்கு மறுநாள், வழங்கல் பல மணி நேரம் நின்று மீண்டும் வரும் நேரத்தில், வலையமைப்பின் கடைக்கோடிக் குழாயில் எடுத்துப் பாருங்கள். அழுத்தம் விழும்போது விரிசல்களின் வழியே வெளியிலுள்ள அழுக்கு நீர் குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. அது தெரியவருவது அந்த இடத்தில்தான்.

வீட்டுக் கணக்கெடுப்புகளில் இப்போது ஒரு நல்ல முறை பின்பற்றப்படுகிறது. கணக்கெடுப்பவர் ‘உங்கள் வீட்டில் வழக்கமாகக் குடிக்கும் நீரில் ஒரு டம்ளர் தாருங்கள்’ என்று கேட்கிறார். குடத்திலிருந்து மொண்டு தரும் அந்த நீரில் 100 மில்லிலிட்டரை அளந்து, நுண்துளைச் சவ்வின் வழியே வடித்து, அந்தச் சவ்வைக் கிருமி வளர உதவும் உலர் ஊடகம் உள்ள சிறு தட்டில் பதித்து, கதகதப்பான பெட்டியில் ஒரு நாளோ இரண்டு நாளோ வைக்கிறார். ஈ.கோலை இருந்தால் தட்டில் நீலப் புள்ளிகள் முளைக்கும். புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுத வேண்டும். நூறைத் தாண்டிவிட்டால் ‘எண்ண முடியாத அளவு’ என்று குறிக்கிறார்கள். வழிகாட்டு அளவின்படி அங்கே ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. ஆதாரத்திலும் இதே சோதனை செய்யப்படுவதால் கிணற்றுக்கும் டம்ளருக்கும் இடையில் என்ன நேர்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எடுத்துவரும் குடம், மொள்ளும் கை, திறந்து கிடக்கும் பாத்திரம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

இரண்டு நாள் காத்திருக்க வேண்டிய சோதனையை மட்டும் நம்பித் திட்டம் நடத்த முடியாது என்பதால், தினமும் பார்க்கக்கூடிய குறிகாட்டி ஒன்றும் வேண்டும். எஞ்சிய குளோரின், அதாவது கிருமிகளைக் கொன்ற பிறகும் நீரில் மிச்சமிருக்கும் குளோரின், அதற்கு ஏற்றது. நுகர்வோர் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதை நிறம் ஒப்பிடும் எளிய கருவியால் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். கலங்கல் அளவையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. அப்போது சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரின் கலங்கல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. ஈ.கோலை ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு இத்தகைய ஆபத்து தெரியாது.

கேள்வி: கீழ்நிலைப் பணியாளர்கள் தரும் எண்களை எவ்வளவு நம்பலாம்? (பொறியாளர்)

பதில்: எண் தவறினால் தண்டனை, எட்டினால் பாராட்டு என்ற ஏற்பாடு மட்டும் இருக்கும் இடத்தில் மிகக் குறைவாகத்தான் நம்பலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கொடிய வகை ஈ.கோலை கலந்து 7 பேர் இறந்தனர், 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். எஞ்சிய குளோரினை முறையாக அளக்காமலேயே பதிவேட்டில் அளவுகள் எழுதப்பட்டு வந்தது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. மாசு இருப்பதாகக் காட்டிய ஆய்வக முடிவும் பொதுச் சுகாதார அலுவலகத்துக்கு உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. ஒரே எண் மாதக்கணக்கில் மாறாமல் பதிவாகியிருந்தால் ஐயப்படுங்கள். இயற்கையில் எந்த அளவும் அப்படி அசையாமல் நிற்பதில்லை. மோசமான முடிவு யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதைக் குறிகாட்டியின் வரையறைக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் கழிப்பறை கட்டி முடித்துவிட்டோம். துப்புரவு இலக்கு எட்டப்பட்டதாக அறிவிக்கலாமா? (உள்ளாட்சி உறுப்பினர்)

பதில்: கழிப்பறை கட்டும் இலக்கு எட்டப்பட்டது என்று அறிவியுங்கள். துப்புரவு என்பது அந்த அறையின் கதவுக்குப் பின்னால் முடிந்துவிடுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். நூறு வீடுகளில் 95இல் கழிப்பறை இருக்கிறது, அவற்றில் 88 வீடுகளில் எல்லோரும் அதையே பயன்படுத்துகிறார்கள். 88இல் 18 கழிவுநீர்க் குழாயோடு இணைந்தவை. ஆனால் அந்தக் குழாய் வழியே வருவதில் பாதி சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் விழுகிறது. ஆக, பாதுகாப்பானவை 9. மீதமுள்ள 70 வீடுகளில் செப்டிக் டேங்க்கோ உறைக்குழியோ இருக்கிறது. அவற்றுள் 25 இன்னும் நிரம்பவில்லை, கசிவும் இல்லை; அவை நிலத்தடியிலேயே பாதுகாப்பாக அடங்குகின்றன. 20 தொட்டிகளின் வெளியேற்றுக் குழாய் நேராகத் தெருச் சாக்கடைக்குள் போகிறது. 25 தொட்டிகளை லாரி வைத்து உறிஞ்சுகிறார்கள், அதில் 5 தொட்டிகளின் கசடு மட்டுமே சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைகிறது; மற்றதெல்லாம் ஊருக்கு வெளியே எங்கோ கொட்டப்படுகிறது. 9, 25, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 39. கழிப்பறையை எண்ணினால் 95, கழிவு போய்ச் சேரும் இடம் வரை தொடர்ந்தால் 39.

உலக அளவிலான 6.2.1 குறிகாட்டியின் கழிப்பறை சார்ந்த பகுதி கேட்பது இரண்டாவது எண்ணைத்தான். மற்ற வீடுகளோடு பகிர்ந்துகொள்ளாத கழிப்பறை, அதன் கழிவு அங்கேயே பாதுகாப்பாக அடங்குகிறதா அல்லது எடுத்துச் செல்லப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறதா என்பதே அதன் வரையறை. 2022இல் உலகில் இதை எட்டியவர்கள் 57 விழுக்காட்டினர், எட்டாதவர்கள் ஏறத்தாழ 350 கோடிப் பேர். எனவே உங்கள் அடுத்த இலக்கைக் கட்டடங்களில் வைக்காதீர்கள். எத்தனை தொட்டிகள் உரிய கால இடைவெளியில் காலி செய்யப்பட்டன, எடுத்த கசடில் எத்தனை லாரி சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் பதிவானது என்ற இரண்டு எண்களை மாதந்தோறும் கேளுங்கள். இரண்டாவது எண்ணைக் கேட்கத் தொடங்கியதுமே, அப்படி ஒரு நிலையம் போதிய தொலைவுக்குள் இருக்கிறதா என்ற கேள்வி தானாக வந்துவிடும். தொட்டிக்குள் மனிதர்கள் இறங்காமல் காலி செய்யப்பட்டதா என்பதையும் அதே பதிவேட்டில் ஒரு கட்டமாகச் சேருங்கள். துப்புரவில் உயிரிழப்போர் துப்புரவுக் குறிகாட்டிகளில் இடம்பெறாமல் போவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

கேள்வி: கை கழுவும் பழக்கத்தை எப்படி அளப்பது? கேட்டால் எல்லோரும் கழுவுவதாகத்தான் சொல்கிறார்கள். (சுகாதாரப் பணியாளர்)

பதில்: அதனால்தான் கேட்பதில்லை, பார்க்கிறார்கள். ‘கை கழுவும் இடத்தைக் காட்டுங்கள்’ என்று சொல்லி, அங்கே நீரும் சோப்பும் அந்த நேரத்தில் இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்வதே உலகளவில் ஏற்கப்பட்ட முறை. பழக்கத்தை நேரடியாக அளப்பது கடினம் என்பதால் வசதியை அதன் நிழலாகக் கொள்கிறோம். சோப்பு காய்ந்து, தூசு படிந்து இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழாய், கழிப்பறை, சோப்பு என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, ‘வயிற்றுப்போக்கைப் பாதியாகக் குறைப்போம்’ என்று நேரடியாக உடல்நலத்திலேயே இலக்கு வைத்தால் என்ன? (மருத்துவர்)

பதில்: உங்கள் கேள்வியின் நியாயம் புரிகிறது. பாதுகாப்பற்ற நீர், துப்புரவின்மை, சுகாதாரப் பழக்கமின்மை ஆகியவற்றால் 2019இல் 14 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணைக் குறைப்பதற்குத்தான் இத்தனை குழாய்களும். நிலையான வளர்ச்சி இலக்குகளிலும் 3.9.2 என்று இந்த இறப்பு விகிதத்துக்கே ஒரு குறிகாட்டி உண்டு. ஆயினும் ஒரு மாவட்டமோ நகரமோ தன் நீர்த்துறையை மதிப்பிட அதை மட்டும் நம்புவதில் மூன்று இடர்ப்பாடுகளைக் காண்கிறேன்.

வயிற்றுப்போக்கு குறைந்ததற்குக் குழாய்தான் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது முதலாவது. உப்பு-சர்க்கரைக் கரைசல், 2006க்குப் பின் பரவலான ரோட்டா வைரஸ் தடுப்பூசி, ஊட்டச்சத்து, தாய்மார்களின் கல்வி எல்லாம் அதே எண்ணைக் கீழே இழுக்கின்றன. நீர்த்துறை எதுவும் செய்யாமலே இலக்கு எட்டப்படலாம். நன்றாகச் செய்தும் ஒரு பெருவெள்ளத்தால் தவறிப்போகலாம். இரண்டாவது, கண்காணிப்பு மேம்படும்போது நோய் கூடியதுபோல் தோன்றும். இதுவரை பதிவாகாத நோயாளிகளை ஒரு புதிய பதிவு முறை பதியத் தொடங்கினால் முதல் இரண்டு ஆண்டுகளில் வரைகோடு மேலே ஏறும். குறைப்பதே இலக்கு என்றால் பதியாமல் விடுவதற்கு ஊக்கம் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

மூன்றாவது இடர்ப்பாடுதான் அதிகம் யோசிக்க வைப்பது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடத்தப்பட்டு 2018, 2019 ஆண்டுகளில் முடிவுகள் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளில், வீட்டளவில் செய்த எளிய நீர், கழிப்பறை, கை கழுவும் ஏற்பாடுகளால் குழந்தைகளின் உயர வளர்ச்சியில் முன்னேற்றம் காணப்படவில்லை. வயிற்றுப்போக்கு வங்கதேசத்தில் குறைந்தது, மற்ற இரண்டு நாடுகளில் குறையவில்லை. இதைக் காட்டி ‘நீரும் துப்புரவும் பயனற்றவை’ என்று வாதிட்டவர்களும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. சுற்றுப்புறம் முழுவதும் கழிவால் மாசுபட்டிருக்கும்போது ஒரு வீட்டுக்குள் மட்டும் ஒரு குழியும் ஒரு புட்டிக் குளோரினும் கொடுத்தால் போதாது என்பதையே அவை காட்டுகின்றன. அப்படியானால் குறிகாட்டியும் வீட்டோடு நிற்காமல் தெருவையும் வாய்க்காலையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

குடிநீரைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவன வழிகாட்டி உடல்நலம் சார்ந்த இலக்குகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது: நோய்க்குறைப்பு, நீரின் தரம், சுத்திகரிப்பின் செயல்திறன், குறிப்பிட்ட தொழில்நுட்பம். நோய்க்குறைப்பை மேலே வைத்து, அதை எட்டத் தேவையான மற்ற மூன்றையும் அன்றாட நிர்வாகத்துக்குக் கீழே இறக்கிக் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நோய் எண்ணிக்கையை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குழாய்த் தொடரில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு திடீரெனப் பெருகினால், அந்த எண் மருத்துவமனையிலிருந்து நீர்த்துறைக்கு மறுநாளே போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் தண்ணீரும் கழிப்பறையும் ‘உள்ளன’ என்று படிவத்தில் குறிக்கச் சொல்கிறார்கள். பிரசவ வார்டில் கை கழுவும் தொட்டி வேலை செய்யவில்லை. எதைக் குறிப்பது? (செவிலியர்)

பதில்: படிவம் கட்டடத்தைக் கேட்கிறது, நீங்கள் வார்டைக் குறியுங்கள். மருத்துவமனைகளுக்கான உலக அளவிலான வரையறைப்படி, நோயாளியைக் கவனிக்கும் இடத்திலேயே சோப்பும் நீருமோ கைகளில் தடவும் ஆல்கஹால் கரைசலோ இருக்க வேண்டும். கழிப்பறைகளிலிருந்து 5 மீட்டருக்குள் சோப்பும் நீரும் இருக்க வேண்டும். கழிப்பறை என்றால் பணியாளருக்குத் தனியாக ஒன்று, பெண்களுக்கு மாதவிடாய்க் கால வசதிகளோடு ஒன்று, நடமாட இயலாதவர் பயன்படுத்தக்கூடியது ஒன்று என்று இருந்தால்தான் அடிப்படை நிலை எட்டப்பட்டதாகக் கணக்கு. ‘உள்ளது’, ‘இன்று வேலை செய்கிறது’ என்று இரண்டு கட்டங்களாகப் படிவத்தைப் பிரிக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி: இலக்கு வைப்பதைச் சட்டக் கடமையாக்கிய உடன்படிக்கை ஏதேனும் உண்டா? (வழக்கறிஞர்)

பதில்: உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டார அலுவலகமும் முன்னின்று உருவாக்கிய நீர் மற்றும் உடல்நல நெறிமுறை 1999 ஜூன் மாதம் லண்டனில் ஏற்கப்பட்டு, 2005 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இணைந்த நாடு ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டுகளுக்குள் தன் நாட்டு இலக்குகளை நிர்ணயித்து வெளியிட வேண்டும் என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது. முன்னேற்றத்தை அளந்து, குறித்த கால இடைவெளியில் அறிக்கை தர வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது; நடைமுறையில் அது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை.

இதில் என்னைக் கவர்வது, எண்ணை மேலிருந்து யாரும் திணிக்கவில்லை என்பதுதான். குடிநீரின் தரம், நீர்வழி நோய்ப் பரவல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, குளிக்கும் நீர்நிலைகள் எனப் பல துறைகளைப் பட்டியலிட்டு, எந்த அளவு, எந்த ஆண்டு என்பதை அந்தந்த நாடே மக்களைக் கலந்து முடிவு செய்யும்படி விட்டிருக்கிறார்கள். சுகாதாரத் துறை, சுற்றுச்சூழல் துறை, நீர்த்துறை மூன்றும் ஒரே மேசையில் அமர வேண்டிய கட்டாயமும் அதனால் வந்தது. நெறிமுறையில் சேராத நாடுகளும் இந்த நடைமுறையை எடுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. தூய குடிநீரும் துப்புரவும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று தீர்மானம் நிறைவேற்றியிருப்பதும் உங்கள் வாதங்களுக்கு உதவக்கூடும்.

கேள்வி: சராசரி உயர்ந்துகொண்டே போகிறது, ஆனால் எங்கள் குடியிருப்புக்கு எதுவும் வரவில்லை. குறிகாட்டியில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? (பெண்கள் குழு உறுப்பினர்)

பதில்: சராசரிக்குள் மறைந்திருக்கிறீர்கள். எளிதில் சென்றடையக்கூடிய வீடுகளுக்கு முதலில் இணைப்பு கொடுத்தால் விழுக்காடு வேகமாக ஏறும்; மேட்டுப் பகுதியும் பட்டா இல்லாத குடியிருப்பும் கடைசி வரை காத்திருக்கும். இதைத் தடுக்க, இலக்கையே வேறு விதமாக எழுத வேண்டும். ‘மொத்தத்தில் 90 விழுக்காடு’ என்பதற்குப் பதிலாக ‘எந்தப் பகுதியும் 80 விழுக்காட்டுக்குக் கீழே இல்லை’ என்று எழுதினால், பணம் தானாகப் பின்தங்கிய பகுதியை நோக்கித் திரும்பும். வீட்டில் குழாய் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் நீர் சுமப்பவர்கள் பெண்களும் சிறுமிகளுமே என்பதால், நீர் எடுக்கச் சென்றுவரும் நேரத்தையும் கேட்டுப் பதிய வேண்டும். வரிசையில் நிற்பதையும் சேர்த்து 30 நிமிடத்தைத் தாண்டினால் அது அடிப்படைச் சேவையாகக் கொள்ளப்படுவதில்லை. உங்கள் குழுவில் சிலர் ஒரு வாரம் கடிகாரம் பார்த்து இந்த நேரத்தைக் குறித்துவைத்தால், அடுத்த கூட்டத்தில் யாராலும் மறுக்க முடியாத ஆவணமாக அது இருக்கும்.

கேள்வி: எத்தனை குறிகாட்டிகள் வைத்துக்கொள்ளலாம்? எங்களிடம் இப்போது அறுபதுக்கு மேல் இருக்கின்றன. (திட்ட அலுவலர்)

பதில்: ஒவ்வொன்றின் எதிரிலும், இந்த எண் மோசமானால் யார் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாதவற்றை நீக்குங்கள். பத்துப் பதினைந்துக்கு மேல் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: இலக்கு ஆண்டு நெருங்குகிறது, எட்ட முடியாது என்பது தெளிவாகிவிட்டது. இலக்கைத் திருத்தினால் மக்கள் ஏளனம் செய்வார்களோ? (அதே திட்ட அலுவலர்)

பதில்: ஆண்டைத் திருத்தலாம், வரையறையைத் திருத்தாதீர்கள். 2030க்குப் பதில் 2034 என்று எழுதி, தாமதத்துக்கு எது காரணம், இடையில் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதையும் வெளியிட்டால் அது நேர்மையான திருத்தம். ‘24 மணி நேர வழங்கல்’ என்றிருந்ததை ‘போதிய நேர வழங்கல்’ என்று மாற்றிவிட்டு, இலக்கு எட்டப்பட்டதாக அறிவிப்பது அப்படிப்பட்டதன்று. பழைய வரையறை, பழைய ஆண்டு, புதிய ஆண்டு மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, உங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். திருத்தத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு நீர் கிடைக்காத பகுதிகளிலிருந்தும் ஆட்களை அழையுங்கள். இன்னும் எத்தனையோ ஆண்டுகள் காத்திருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.